நடக்காத ஒண்டுக்கு வந்த தீர்ப்பு

நிரோஷ்,

இதை உனக்கு முதல் வேறை ஆராவது வாசிப்பினம். அது எனக்குத் தெரியும். லோயர் வாசிப்பா. பிள்ளையளைப் பொறுப்பெடுக்கிற ஒவ்விஸிலை உன்ரை ஃபைலை வைச்சிருக்கிற சோசல் வேர்க்கர் வாசிப்பா. உன்னை வளர்க்கிற ஆக்களும் ஆரையாவது பிடிச்சு இங்கிலிஸிலை மாத்தி வாசிப்பினம். வாசிக்கட்டும். உனக்குப் பதினெட்டு வயசானால் உந்த ஃபைலைக் கேட்டு வாங்கலாமாம். அதுக்குள்ளை முதல் கோட்டிலை ஜட்ஜ் எழுதின தீர்ப்பு கிடக்கும். மூண்டு வயசுப் பிள்ளையைத் தனிய வீட்டிலை விட்டிட்டு வேலைக்குப் போன அப்பன், கேட்டால் கவலைப்படவுமில்லை எண்டு அதிலை இருக்கும். அதை வாசிச்சுப்போட்டு நீ என்னைத் தேடாமல் விட்டிடுவாய் எண்ட பயத்திலைதான் இதையும் அதோடை வைக்கச் சொல்லிக் குடுக்கிறன். உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாட்டில் ஆரிட்டையும் குடுத்துக் கேள். ஆனால் ஒராளை மட்டும் நம்பாதை. ரெண்டு பேரிட்டைக் குடு. ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லுகினமோ எண்டு பார்.

எனக்கு இப்ப இருவத்திநாலு வயசு. மகனுக்குப் புத்தி சொல்லிக் கடிதம் எழுதுற வயசில்லை, தெரியும். படிப்பும் இல்லை. ஊரிலை பாதியிலை விட்டனான். இஞ்சை வந்தாப் பிறகு ஸ்காபரோவிலை ஒரு ஹைஸ்கூலிலை சேத்துவிட்டினம், அதையும் விட்டனான். ஒரு இடத்திலை குந்தியிருக்க எனக்கு ஏலாது. டீச்சர் போர்டிலை எழுதேக்கை நான் கதவைத்தான் பாத்துக்கொண்டிருப்பன், ஆர் வருகினம், ஆர் போகினம் எண்டு. உனக்கும் அந்தக் குணம் இருந்தால் அது என்னட்டை இருந்து வந்தது, வளர்க்கிற ஆக்களிலை பழி போடாதை. உன்ரை அம்மா உனக்கு ரெண்டு வயசாகேக்கை மொன்றியலிலை தமக்கையிட்டைப் போறன் எண்டு போனவ. பிறகு வரேல்லை. அவ உன்னாலை போகேல்லை. எங்கை போறாய், ஆரோடை போனிலை கதைக்கிறாய், ஏன் சிரிக்கிறாய் எண்டு கேட்டுக் கேட்டு நான்தான் அவவைக் கலைச்சனான். அவவைப் பற்றி ஆரும் கூடாமல் சொன்னால், நீ அதை நம்பாதை.

அவ போனாப் பிறகு நீயும் நானும்தான். விடிய வெள்ளண மில்லிக்கனிலை மா குழைச்சுப் பாண் சுடுற ஒரு ஃபக்டரியிலை எனக்கு வேலை. எங்கடை பில்டிங்கிலை, மூண்டாம் மாடியிலை, தவமணி அன்ரி எண்டு ஒராள் இருந்தவ. புருசன் இல்லை, ஒரே மகள் கொழும்பிலை ஒரு லொட்ஜிலை நிண்டவள். அன்ரியின்ரை அகதிக் கேஸ் சரிவராமல், திருப்பி அனுப்பப் போறம் எண்டு கடதாசி வந்திட்டுது. அவ அதுக்குப் போகாமல் வீடு மாறி எங்கடை பில்டிங்கிலை வந்து ஒளிச்சிருந்தவ. எங்கடை சனம் எல்லாருக்கும் தெரியும். ஆரும் வாய் திறக்கமாட்டினம். வெளியிலை போய் வேலை செய்யேலாதெண்டு அவ வீட்டுக்குள்ளை இருந்து பிள்ளையளைப் பாத்தவ. நீயும் இன்னுமொரு கைக்குழந்தையும். நான் வேலை முடிஞ்சு வரேக்கை உனக்குப் புட்டும் வாழைப்பழமும் பிசைஞ்சு தீத்தி, மூஞ்சி கழுவி, பவுடர் போட்டு வைச்சிருப்பா. அவவிலை எனக்குச் சந்தேகம் வராத ஒரு விசயம் இருந்ததெண்டால் அது உன்னைப் பாத்த விதம்தான்.

ஸ்நோ கொட்டின ஒரு நாள் பில்டிங் பாக்கிற ஆள் மாடி மாடியாக் கதவு தட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பின்னேரம் தண்ணி நிப்பாட்டப் போறம், எல்லாரும் வாளியிலை பிடிச்சு வையுங்கோ எண்டு சொல்ல. அவ்வளவுதான். அன்ரி கதவு ஓட்டையாலை பாத்தா. நீல ஜக்கெற், இடுப்பிலை கிலுங்கிற திறப்புக் கொத்து, கையிலை வோக்கிரோக்கி. அவவுக்கு இமிகிரேசன் எண்டு பட்டிட்டுது. குழந்தையையும் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள்ளை போய்க் கதவைப் பூட்டிப்போட்டா. உன்னையும் வா எண்டு இழுத்தவவாம், நீ கையை உதறிப்போட்டு நிண்டனியாம். அவன் தட்டிப்போட்டுப் போயிட்டான். நீ கதவைத் திறந்து அந்தத் திறப்புச் சத்தத்துக்குப் பின்னாலை போயிருக்கிறாய். ஆரோ லிஃப்ற்றுக்கை ஏற நீயும் ஏறி, கீழை இறங்கி, கார் நிப்பாட்டுற இடத்திலை சப்பாத்தில்லாமல் வெறும் மேசோடை ஸ்நோவுக்கை நிண்டிருக்கிறாய். கண்ட ஒரு மனிசி பொலிசுக்கு அடிச்சிட்டா. அன்ரி வெளியிலை வந்து பாத்தால் நீ இல்லை, ஜன்னலாலை பாத்தால் பொலிஸ் கார். அவ எனக்கு ஃபக்டரிக்குப் போன் பண்ணினா. "தம்பி, பிள்ளை கீழை நிக்கிறான், பொலிஸ் நிக்குது, ஓடி வா." நான் ஓடி வந்தன். பொலிஸ்காரன் உன்னைத் தன்ரை குளிர்க் கோட்டாலை சுத்தி வைச்சிருந்தான். ஆர் பிள்ளையைப் பாத்தது எண்டு கேட்டான். நான் மேலை பாத்தன். மூண்டாம் மாடியிலை ஜன்னல் சீலை அசைஞ்சது. ஒருத்தரும் இல்லை எண்டு சொன்னன். நித்திரை எண்டு விட்டிட்டுப் போனனான் எண்டு சொன்னன்.

இஞ்சத்தைச் சனத்துக்கு இது விளங்காது. உனக்கும் விளங்காட்டில் நான் கோவிக்கமாட்டன். எனக்குப் பதினாலு வயசிலை ஊரிலை ஒரு நாள் ஆமி எங்களையெல்லாம் பள்ளிக்கூட வளவுக்குள்ளை கூப்பிட்டு வரிசையா விட்டது. சாக்காலை முகத்தை மூடின ஒருத்தனை ஜீப்பிலை இருத்தி வைச்சிருந்தினம். தலையாட்டி எண்டு சொல்லுவம். நாங்கள் ஒவ்வொருத்தராய் முன்னாலை போகோணும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் போச்சு. எனக்கு முன்னாலை நிண்ட பொடியனுக்கு ஆட்டினது. எனக்கு ஆட்டேல்லை. சாக்குக்குள்ளை ஆர் இருந்தது எண்டு இண்டைக்கும் தெரியாது, அதாலை எங்கடை ஊரிலை எல்லாரும் எல்லாரையும் பாத்துக்கொண்டு திரிஞ்சம். அதுக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகேல்லை. யூனிஃபோம் போட்டவனுக்கு ஒருத்தற்றை பேரையும் சொல்லக்கூடாது எண்டதுதான் நான் படிச்ச படிப்பு. அதைத்தான் அண்டைக்கு அந்தப் பொலிஸ்காரனுக்கு முன்னாலை ஒப்புவிச்சனான்.

பொய்யை ஒருக்காச் சொன்னால் பிறகு அதோடை குடித்தனம் நடத்தோணும். உன்னைக் கொண்டுபோய் ஒஷாவாவிலை ஒரு வீட்டிலை விட்டினம். கிழமைக்கு ஒருக்கா ஒவ்விஸிலை ஒரு சின்ன அறையிலை உன்னைப் பாக்கலாம், மூலையிலை ஒருத்தி இருந்து எழுதுவா. நான் சோறு குழைச்சுக்கொண்டு போய் உனக்குத் தீத்தினன், அப்ப உனக்கு நாலு வயசாகியிட்டுது. நாலு வயசுப் பிள்ளையைத் தானாச் சாப்பிட விடாத தேப்பன் எண்டு எழுதினா. அடுத்த கிழமை தீத்தாமல் இருந்தன். பிள்ளையோடை ஒட்டில்லை எண்டு எழுதினா. உனக்கு அங்கை நிக் எண்டு பேர் வைச்சிருந்தினம். கூப்பிட லேசாம். பிள்ளை வளர்க்கிறதைப் பற்றி ஒரு வகுப்புக்குப் போகச் சொன்னவை, நான் போகேல்லை, அங்கையும் எழுதுவினம் எண்டு. தமிழிலை கதைக்க ஒரு இன்ரர்பிரிற்றரைக் கூட்டிக்கொண்டு வந்தினம். அந்த ஆள் வந்து இருந்து முதல் கேட்ட கேள்வி, "தம்பி எவடம்? ஆற்றை மகன்?" அவர் சும்மா பழக்கத்திலை கேட்டிருப்பார். எனக்குக் குளிர்ந்து போச்சு. இவன் ஆற்றை ஆள், எங்கை போய் என்ன சொல்லுவான் எண்டு. வேறை ஊரைச் சொன்னன். பிறகு எனக்கு ஆள் வேண்டாம், நானே கதைக்கிறன் எண்டிட்டன். என்ரை இங்கிலிஸ் பாண் ஃபக்டரி இங்கிலிஸ். கோட்டிலை கேட்ட எல்லாத்துக்கும் யெஸ் எண்டன். தனிய விட்டனீரோ? யெஸ். ஆபத்தெண்டு தெரியுமோ? யெஸ். திரும்பவும் விடுவீரோ எண்டதுக்கும் அதே வேகத்திலை யெஸ் எண்டு வாயிலை வந்திட்டுது. ஜட்ஜ் கண்ணாடியைக் கழட்டி என்னை ஒரு பார்வை பாத்தார். நான் திருத்தியிருக்கோணும். திருத்தினால் இன்னும் கேப்பினம் எண்டு பேசாமல் இருந்தன். தீர்ப்பு வந்தது. நீ இனி என்ரை பிள்ளை இல்லை, அரசாங்கத்தின்ரை பிள்ளை. உன்னைப் பாக்கவும் ஏலாது. ஆருக்கும் தத்துக் குடுக்கலாம்.

அப்பீல் செய்யலாம் எண்டு சொன்னது ஃபக்டரியிலை பாண் அடுக்கிற ஒரு ஜமேக்கன் மனிசி, தன்ரை பேரப்பிள்ளைக்கும் உப்பிடி நடந்ததெண்டு. சட்ட உதவியிலை ஒரு லோயர் கிடைச்சா. இத்தாலிக்காரி, எந்த நேரமும் இருமல் இனிப்புச் சூப்பிக்கொண்டிருப்பா. அப்பீல் போட்டு முடியுமட்டும் உன்னை ஒருத்தருக்கும் குடுக்கேலாது எண்டு முதல் அதைச் செய்தா. பிறகு கதவைச் சாத்திப்போட்டுச் சொன்னா, "உன்ரை கேஸிலை ஒண்டும் இல்லை. நீ சொன்னதை வைச்சுப் பாத்தால் ஜட்ஜ் எழுதினது சரி. நானெண்டாலும் அப்பிடித்தான் எழுதியிருப்பன்." எனக்குக் கோவம் ஏறிச்சுது. "நீங்கள் ஆருக்கு வேலை செய்யிறியள்?" எண்டு கேட்டன். "உனக்கு." "காசு தாறது கவுண்மென்ற் எல்லே?" "ஓம், காசு அவை. வேலை உனக்கு. நீ எனக்குப் பொய் சொன்னால் அதுவும் வீண்." நான் எழும்பிக் கதவு வரைக்கும் போனன். திரும்பி வந்து இருந்தன். பேரைச் சொல்லாமல் மிச்சம் எல்லாத்தையும் சொன்னன். அவ இனிப்பைச் சூப்புறதை நிப்பாட்டிப்போட்டா. அந்த மனிசி வந்து சத்தியக் கடதாசி தந்தால், ஏன் முதலே சொல்லேல்லை எண்டதுக்கும் காரணம் சொன்னால், ஒரு வழி இருக்கெண்டா. பேர் இல்லாட்டில் அதுவும் இல்லை. பேரும் ஃபோன் நம்பரும் அடிச்ச தன்ரை காட் ஒண்டைத் தந்து, போய் ஆளோடை கதை எண்டா.

அன்ரி அந்தச் சம்பவத்தோடையே வீடு மாறியிட்டா. றெக்ஸ்டேலிலை ஒரு தமிழ்க் கடைக்கு இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறா எண்டு கேள்விப்பட்டு அங்கை போய் நிண்டன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பாத்தார். "ஆர் தம்பி, ஆரைப் பாக்கிறீர்?" "நான் இமிகிரேசன் இல்லை அண்ணை." "இமிகிரேசன் உந்தக் கிழிஞ்ச ஜக்கெற்றோடை வராதெண்டு எனக்கும் தெரியும். உமக்கு இடியப்பம் வேணுமோ, ஆள் வேணுமோ?" அப்பதான் அன்ரி தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கதவாலை வந்தா. என்னைக் கண்டு நிண்டா.

"ஏன்ரா இஞ்சை வந்தனி? பின்னாலை ஆரும் வருகினமோ?"

"ஒருத்தரும் இல்லை அன்ரி."

"வடிவாப் பாத்தனியோ?"

"பாத்தனான். வேணுமெண்டு பஸ் மாறி மாறித்தான் வந்தனான்."

"அப்ப சரி. நீயும் என்னை மாதிரி விசராத்தான் திரியிறாய். பிள்ளை எங்கை?"

நான் சொன்னன். அவ அரிசிச் சாக்கிலை இருந்திட்டா. ஒரு கிழமையிலை உன்னைத் திருப்பித் தந்திருப்பினம், நாங்கள் எங்கையோ சந்தோசமா இருக்கிறம் எண்டுதான் அவ நினைச்சுக்கொண்டிருந்தவ. நான் காட்டை நீட்டி, கோட்டுக்கு வரவேணும் எண்டன். வரமாட்டன் எண்டா. தன்னை ஏத்தி அனுப்பிப்போட்டால் மகளுக்குக் காசு அனுப்ப ஆர் இருக்கினம் எண்டா. எனக்கு விசர் வந்திட்டுது. "உங்களுக்காக நான் என்ரை பிள்ளையைக் குடுத்தனான்" எண்டு கத்தினன். கடைக்காரர் ரேடியோவைக் கூட்டி வைச்சார்.

"நான் கேட்டனானோ?" எண்டா அன்ரி. "தம்பி, பொய் சொல்லு எண்டு நான் சொன்னனானோ? என்னட்டை வந்து ஒரு சொல்லுக் கேட்டனியோ? ஆரையும் காட்டிக்குடுக்காத பெரிய வீரன் எண்டு உனக்கு நீயே பேர் வைச்சாய். அதுக்குப் பிள்ளையை வித்தாய். நான் என்ன, நீ இண்டைக்குச் சொல்லுவாய், நாளைக்குச் சொல்லுவாய் எண்டு பயந்து வீட்டை மாறிக்கொண்டு ஓடினன். நீ என்னட்டை வரவும் இல்லை, நான் உன்னட்டை வரவும் இல்லை. நடுவிலை பிள்ளை போயிட்டான்." பிறகு சொன்னா, "கதவைத் திறந்தவன் அவன். பாத்ரூமுக்கை ஒளிச்சவள் நான். நீ அந்த இடத்திலையே இல்லை." காட்டை வாங்கிச் சட்டைக்குள்ளை வைச்சா. "யோசிக்கிறன். போ."

யோசிக்கிறன் எண்டால் எங்கடை ஆக்கள் ஓடப்போகினம் எண்டு அர்த்தம். பஸ்ஸிலை இருந்து அதைத்தான் நினைச்சன். இண்டைக்கே சாமானைக் கட்டுவா, நாளைக்கு எந்த பேஸ்மென்ற்றிலை எண்டு ஆருக்குத் தெரியும். நான் வீட்டை போகேல்லை. நேரை லோயரிட்டைப் போய் அவவின்ரை முழுப்பேரையும் கடையையும் சொன்னன். லோயர் எழுத எழுத, எனக்கு அந்தச் சாக்குப் போட்டவனின்ரை நினைவு வந்தது. இந்த முறை சாக்கு என்ரை தலையிலை. ஆனால் நான் நிப்பாட்டேல்லை. இடியப்பம் என்ன நேரம் கொண்டு வருவா எண்டதையும் சொன்னன்.

அடுத்த நாள் லோயர் கூப்பிட்டா. அன்ரி முதல்நாள் பின்னேரமே, நான் லோயரின்ரை அறையிலை இருந்த நேரம், காட்டிலை இருந்த நம்பருக்குப் போன் பண்ணித் தகவல் விட்டிருக்கிறா. பேர், விலாசம், நான் வந்து சொல்லுறன் எண்டு. நான் காட்டிக்குடுத்தது தேவையே இல்லாமல் போச்சு. சத்தியக் கடதாசி குடுக்க அவ வந்த அண்டைக்கு வெளியிலை கிடந்த மர வாங்கிலை ரெண்டு பேரும் இருந்தம். நல்ல சீலை ஒண்டு உடுத்துக்கொண்டு, மேலை ஆற்றையோ பெரிய குளிர்க் கோட்டோடை வந்திருந்தா.

"நான் வராட்டில் என்ன செய்திருப்பாய்?" எண்டா.

"சொல்லியிருப்பன்."

"சொல்லிப்போட்டாய், என்ன?"

"ஓம்."

"தெரியும். உன்ரை மூஞ்சி சொல்லுது. நானெண்டாலும் என்ரை பிள்ளைக்கு அதைத்தான் செய்திருப்பன். ஆனால் ஒரு நாள் பொறுத்திருப்பன்ரா."

அவ்வளவுதான் சொன்னா. அதை நீ தெரிஞ்சு வைச்சிரு. ஆரையும் சந்தேகப்படு, பிழை இல்லை. ஆனால் ஒரு நாள் பொறு. எனக்கு அந்த ஒரு நாள் இருக்கேல்லை.

அப்பீல் கோட்டிலை அன்ரி வாசலிலை நிக்க, அவவின்ரை கடதாசியைத்தான் வாசிச்சினம். மற்றப் பக்கத்து லோயர் எழும்பி, இவ்வளவு காலம் இவ்வளவு உறுதியாப் பொய் சொன்ன ஆள் இப்ப உண்மை சொல்லுறார் எண்டு எப்பிடி நம்புறது எண்டு கேட்டார். நல்ல கேள்வி. நான் அவற்றை இடத்திலை நிண்டால் அதைத்தான் கேட்டிருப்பன். ஜட்ஜ் ஒரு கிழவர், மெல்லமாக் கதைச்சார், இந்த முறை இன்ரர்பிரிற்றர் என்ரை காதுக்குள்ளை ஒவ்வொரு சொல்லாச் சொன்னார். இந்தப் பொய் சின்ன விசயம் இல்லை, ஆனால் முதல் கோட் நடக்காத ஒண்டுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கு எண்டார். தீர்ப்பை வெட்டினார். வேறை ஜட்ஜுக்கு முன்னாலை முழுக்கத் திரும்ப விசாரிக்கச் சொன்னார். அதுவரைக்கும் நான் உன்னைப் பாக்கலாம் எண்டார். வெண்டனான் எண்டு சொல்லேலாது. தோத்தது இல்லாமல் போச்சு, அவ்வளவுதான். அன்ரி இப்ப ஒளிச்சிருக்கேல்லை. லோயர் பிடிச்சுத் தந்த இன்னொரு லோயரோடை தானாவே இமிகிரேசனுக்குப் போனா. மாசாமாசம் போய்க் கையெழுத்து வைக்கிறா. அனுப்புவினமோ, விடுவினமோ தெரியாது. அதிலையும் எனக்கு நல்ல நம்பிக்கை இல்லை.

அடுத்த கிழமை புது விசாரணை. சோசல் வேர்க்கர் கேட்டா, பிள்ளையைத் தந்தால் நீ வேலைக்குப் போகேக்கை ஆர் பாக்கிறது எண்டு. வாய் தன்ரை பாட்டிலை மூடிச்சுது. பிறகு திறந்து பேர் சொன்னன், எங்கடை மாடியிலை இருக்கிற குடும்பம், அவையின்ரை ஃபோன் நம்பர், இஞ்சை இருக்கிறதுக்கு அவைக்குப் பேப்பர் இருக்கு எண்டதையும். முதல் அவையிட்டைப் போய்க் கேட்டுப்போட்டுத்தான் சொன்னனான்.

போன சனிக்கிழமை உன்னைப் பாத்தன். ஒரு வருசத்துக்குக் கிட்டப் பிறகு. நீ வளந்திட்டாய், முன்பல்லு ஒண்டு ஆடுது. கிட்ட வரேல்லை. கதிரைக்குப் பின்னாலை நிண்டு என்னைப் பாத்துக்கொண்டு நிண்டாய், நான் வகுப்பிலை கதவைப் பாக்கிற மாதிரி. பிறகு மூலையிலை இருந்த மனிசியிட்டை இங்கிலிஸிலை கேட்டாய், இந்த ஆளோ என்னைத் தனிய விட்டிட்டுப் போனது எண்டு. அவ எழுதுறதை விட்டிட்டு என்னைப் பாத்தா. நான் நிலத்திலை இருந்தன். இல்லை, உன்னைத் தவமணி அன்ரி பாத்துக்கொண்டிருந்தவ எண்டன். அவவுக்குப் பயம் வந்திட்டுது எண்டன். ஏன் பயம் எண்டாய். சொன்னன். அப்ப ஏன் நீ எல்லாருக்கும் பொய் சொன்னனி எண்டாய். அதுக்கும் சொன்னன், உனக்கு விளங்கிற அளவுக்கு. நீ நம்பேல்லை. யோசிச்சுப்போட்டு இன்னொரு கேள்வி கேட்டாய், அதுக்குப் பிறகும் ஒண்டு. நேரம் முடிஞ்சுது எண்டு மனிசி சொல்லுமட்டும் நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். கட்டிப்பிடிக்கேல்லை, டாட்டா காட்டேல்லை. கதவடியிலை திரும்பி, அடுத்த சனியும் வருவியோ, எனக்கு இன்னும் கேக்கக் கிடக்கு எண்டாய்.

இந்தக் கேஸ் எப்பிடி முடிஞ்சாலும், நீ அப்பிடிக் கேட்டதே எனக்குப் போதும் எண்டு பொய் சொல்லமாட்டன். காணாது. நீ எனக்கு வேணும். ஆனால் பெரியாளாகி இதை எங்கை இருந்து வாசிச்சாலும், என்னை உடனை நம்பிப்போடாதை. என்னட்டை வந்து கேள். ஒவ்வொண்டாக் கேள். நான் இருப்பன்.

அப்பா